காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர்

பாப்பா சுவரைப் பார்த்துப் படுத்துப் பதினோரு நாளாயிற்று.

சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வந்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். குளித்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். அப்புறம் போய் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதால்கூடத் தேவலை என்று அவள் அம்மாவுக்கு இருந்தது. அழுகிற பெண்ணைத் தேற்றலாம். இப்படி ஒழுங்காக இருக்கிறவளை என்ன சொல்லித் தேற்றுவது?

வயது இருபத்துமூன்று. ஒரே பிள்ளை என்பதால் வீட்டில் இன்னமும் பாப்பாதான். ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதிக்கிற ஆய்வுக்கூடப் படிப்பை முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு வருஷத்தில் வேலைக்காக மூன்று தேர்வு எழுதிவிட்டாள். முதல் தடவை ஒன்பது மார்க்கில் போனது. அடுத்தது நாலு மார்க்கில். மூன்றாவது ஒன்றரை மார்க்கில். ஒன்பதையும் நாலையும் தாங்கிக்கொண்டவளை அந்த ஒன்றரைதான் சாய்த்துவிட்டது.

அவள் அப்பா பெயிண்டர். கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு அடிக்கிறவர். மழைக்காலத்தில் அவருக்கு வேலை கிடையாது. ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஈரச் சுவரையும் மேகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். வீடு மூன்றாவது மாடியில் ஒரு அறையும் ஒரு அடுப்படியும். யாராவது ஒருவர் படுத்திருந்தால் மற்றவர்கள் அவரைத் தாண்டித் தாண்டித்தான் நடக்க வேண்டும்.

"பாப்பா, அந்தச் சுவரு நான் அடிச்சதுதான். ரெண்டு கோட்டு பெயிண்டு. பதினோரு நாளா பார்க்கறியே, எங்கேயாவது குறை தெரியுதா?" என்றார்.

"இல்லப்பா. நல்லாத்தான் இருக்கு."

அவர் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் பதில் சொன்ன விதத்தில் அவருக்கே சிரிப்பு வரவில்லை.

அம்மா தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை எழுதிப் பாரேன். ஒன்றரை மார்க்குதானே?"

"ஒன்றரை மார்க்குல எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமாம்மா? அறுநூறு பேர். நான் எட்டு மணி நேரம் படிச்சா எவளோ ஒருத்தி பத்து மணி நேரம் படிக்கிறா. நான் பத்து படிச்சா அவ பன்னெண்டு. ஓடுற பஸ்ஸு பின்னாடியே ஓடுற மாதிரி இருக்கு. ஏறினவங்க எல்லாம் ஜன்னல்ல இருந்து 'ஓடி வா, ஓடி வா'ன்னு கை ஆட்டுறாங்க." பாப்பா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கு மூச்சு வாங்குதும்மா. இனிமே முடியாது."

கிழங்குத் தோல் காகிதத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

*

அம்மாவை ஆஸ்பத்திரியில் லாண்டரியக்கா என்பார்கள். டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை அதுதான் பெயர். பத்தொன்பது வருஷமாக அவள் அங்கே துணி துவைக்கிறாள். கட்டடத்தின் பின்பக்கம், பாதி நிலத்துக்குக் கீழே இருக்கிறது லாண்டரி. ஆள் உயரத்துக்கு மூன்று மெஷின். அதில் ஏதாவது ஒன்று எப்போதும் ரிப்பேர். மூலையில் துணியை அழுத்தித் தேய்க்கிற உருளை. அது ஓடும்போது எழுகிற ஆவியில் மழைக்காலத்திலும் முதுகு நனைந்துவிடும். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக விரிப்புகள் வரும். பிரித்து, கறையைப் பார்த்து, ரத்தம் பட்டதைத் தனியாக, மருந்து பட்டதைத் தனியாகப் போட வேண்டும். உலர்ந்து வந்த பிறகு இரண்டு பேராக நின்று மடிக்க வேண்டும்.

அவளோடு சேர்ந்து மடிக்கிறவளுக்கு நெட்டை என்று பெயர். கை நீளம். அவள் ஒரு முனையைப் பிடித்து உதறினால் மறுமுனையில் நிற்கிறவள் ஒரு அடி முன்னால் வந்துவிடுவாள்.

அன்றைக்கு மடித்துக்கொண்டே நெட்டை சொன்னாள். "யக்கா, ஆபீஸு பலகையில நோட்டீஸ் ஒட்டியிருக்கான். லேபுக்கு உதவியாளர் எடுக்கிறாங்களாம். நாலு இடம். உங்க பாப்பா படிச்ச படிப்புதானே?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். வெளியாட்களும் எழுதலாம். ஆஸ்பத்திரி ஊழியர்கள் பத்தாவது தேறி, ஐந்து வருஷம் வேலை பார்த்திருந்தால் அவர்களும் எழுதலாம், வயது தடையில்லை என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. விண்ணப்பத்தை வாங்கி, ஈரம் படாமல் ரவிக்கைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பாப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாலு இடத்துக்கு நாலாயிரம் பேர் வருவான். வேண்டாம்மா."

மூன்று நாள் கெஞ்சினாள். பெயிண்டரும் தன் பங்குக்கு ஏதேதோ சொல்லிப் பார்த்தார். நாலாவது நாள் அம்மா ஆபீஸுக்குப் போய் இன்னொரு விண்ணப்பம் வாங்கி வந்தாள். பாப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தன் பெயரை எழுதி நிரப்ப ஆரம்பித்தாள்.

"என்ன பண்றே?"

"நானும் எழுதப் போறேன்."

பாப்பா பதினைந்து நாளில் முதல் தடவையாக, யாரும் கூப்பிடாமலே சுவரை விட்டுத் திரும்பினாள். "உனக்கென்ன பைத்தியமா? உயிரியல், வேதியியல் எல்லாம் கேப்பாங்க."

"கேக்கட்டும். நீ சொல்லிக் குடு."

"நீ பத்தாவது படிச்சு இருபத்தெட்டு வருஷம் ஆச்சும்மா."

"அதனாலதான் உன்னைக் கேக்கறேன். தெரிஞ்சா நானே படிச்சுக்க மாட்டேனா?"

ஜன்னலோரத்திலிருந்து பெயிண்டர், "நானும் ஒண்ணு எழுதவா? ரத்தம் என்ன கலருன்னு கேட்டா கரெக்டா சொல்லிடுவேன்" என்றார். பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் சிரிப்பென்று ஒன்று இருந்தது எல்லோருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தூண்டிலில் புழு வைக்கிற மாதிரிதான் அம்மா அதைச் செய்தாள். தான் தேறுவோம் என்றோ, தேற வேண்டும் என்றோ அவளுக்குத் துளிகூட எண்ணமில்லை. சொல்லிக் கொடுக்கிற சாக்கில் பெண் புத்தகத்தைத் திறந்தால் போதும். பாப்பாவுக்கும் அது தெரியாமலில்லை. தெரிந்துதான் எழுந்து உட்கார்ந்தாள். எழுந்து உட்காரத் தனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது போல.

*

தினமும் மூன்று மணிக்கு வேலை முடிந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, டீ போட்டுக் குடித்துவிட்டு நாலரைக்கு அம்மா உட்கார்ந்துவிடுவாள். முதல் வாரம் ஒன்றும் ஏறவில்லை. உயிரணு, உயிரணுச் சுவர், உட்கரு என்று பாப்பா படம் போட்டுக் காட்டுவாள். அம்மா தலையாட்டுவாள். மறுநாள் கேட்டால் முழிப்பாள்.

"மண்டையில என்னதான் வெச்சிருக்கே?"

"உங்கப்பாதான் வெள்ளையடிச்சு வெச்சிருக்காரு. ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது."

"அது நல்ல பெயிண்டும்மா. அதான்" என்பார் அவர்.

திட்டுவதிலும் திரும்பத் திரும்பச் சொல்வதிலும் பாப்பாவுக்குப் பழைய குரல் வந்தது. காலையில் அம்மா எழுந்திருக்கும் முன் அவள் எழுந்து அன்றைய பாடத்துக்குக் குறிப்பெடுத்து வைத்தாள். அம்மாவுக்காக எளிமையாக எழுதப்போய் அவளுக்கே பல விஷயம் தெளிவானது.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் புரதத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "முட்டையை வேக வெச்சா வெள்ளைக்கரு கெட்டியாயிடுதுல்ல? அது புரதம். சூடு பட்டா உறைஞ்சிடும். அப்புறம் பழையபடி ஆகாது. ரத்தத்துலயும் புரதம் இருக்கு."

அம்மா கையை நீட்டி அவளை நிறுத்தினாள். "இரு இரு. அப்ப, ரத்தக் கறையை வெந்நீர்ல போட்டா?"

"துணியிலேயே உறைஞ்சு பிடிச்சுக்கும்."

அம்மா கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ரத்தம் பட்ட விரிப்பை வெந்நீரில் போட்டதற்காக அப்போதிருந்த மேஸ்திரி எல்லார் எதிரிலும் அவளை அறிவுகெட்டவள் என்று திட்டியிருந்தான். ஏன் போடக்கூடாதென்று அவன் சொல்லவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது. அன்றிலிருந்து பத்தொன்பது வருஷமாக ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர் என்று கை தன்னால் செய்துகொண்டிருந்தது.

"இதுதானா!" என்றாள். பிறகு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தாள். "ஏங்க, கேட்டீங்களா, இதுதானாம்!"

பெயிண்டர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். பாப்பாவும் சிரித்தாள். ஆனால் அம்மாவின் முகத்தில் அன்று வந்து உட்கார்ந்தது என்னவென்று அவர்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் அவளுக்குத் தூண்டிலும் மறந்தது, புழுவும் மறந்தது. லாண்டரியில் உருளைக்குப் பக்கத்துத் தூணில் குறிப்புத் தாளை ஒட்டி வைத்துக்கொண்டாள். ஆவியில் மை கலங்கிவிடும். மறுநாள் புதிதாக எழுதி ஒட்டுவாள். நெட்டை விரிப்பின் மறுமுனையிலிருந்து கேள்வி கேட்பாள். "ஊதா மூடி டியூப்பு எதுக்கு?" "அணுக்களை எண்ண." "குலுக்கலாமா?" "கூடாது, அணு உடைஞ்சிடும். மெதுவா கவுத்து நிமித்தணும்." பதில் சரியானால் நெட்டை ஒரு உதறு உதறுவாள். வார்டிலிருந்து வருகிற ஒவ்வொரு கறையும் இப்போது அவளிடம் ஏதோ சொல்லத் தொடங்கியிருந்தது. மஞ்சளாக வந்தால் ஏன் மஞ்சள் என்று மனசு ஓடும். படிக்கப் படிக்க இன்னும் பசித்தது. இந்த வயதில் தனக்கு இப்படி ஒரு பசி இருக்குமென்று அவள் நினைத்ததே இல்லை.

"யாரை ஜெயிக்கறதுக்கு இப்படிப் படிக்கிறே யக்கா?" என்று நெட்டை ஒரு நாள் கேட்டாள்.

"யாரையும் இல்லடி. தெரிஞ்சுக்கணும்னு இருக்கு."

*

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது பாப்பா மாதிரி வினாத்தாள் ஒன்று தயாரித்தாள். நூறு கேள்வி. இரண்டு பேரும் முதுகோடு முதுகாக உட்கார்ந்து எழுதினார்கள். பெயிண்டர்தான் கண்காணிப்பாளர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாலு அடி அகலத்தில் இப்படியும் அப்படியும் நடந்தார்.

பாப்பாவுக்கு எழுபத்தெட்டு. அம்மாவுக்கு எழுபத்தொன்று.

"பரவாயில்லையே!" என்று சொல்லிக்கொண்டே அம்மாவின் தாளைத் திருத்தியவள், சட்டென்று அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கடைசிப் பக்கத்தில் பதினொரு விடைகளை ரப்பரால் அழித்துவிட்டு வேறு எழுதியிருந்தது. பென்சிலின் பள்ளம் காகிதத்தில் அப்படியே இருந்தது. அழித்த பதினொன்றும் சரியான விடைகள்.

"என்னம்மா இது?"

"சந்தேகமா இருந்துச்சு. மாத்தினேன்."

"பதினொண்ணுமா? சரியா இருந்ததெல்லாம் பார்த்துப் பார்த்தா சந்தேகமாச்சு?" பாப்பா தாளை அம்மாவின் மடியில் போட்டாள். "எனக்குக் குழந்தையாட்டம் விளையாட்டுல விட்டுக் குடுக்கறியா? அறுநூறு பேர் என்னை முந்தினப்போகூட இவ்வளவு அவமானமா இல்லம்மா."

அம்மா ரப்பரை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"நிஜப் பரீட்சையில இப்படிப் பண்ணமாட்டேன்னு சொல்லு. பண்ணினே, ஜென்மத்துக்கும் உன்கூடப் பேசமாட்டேன்."

"சரி."

"சரின்னா?"

"தெரிஞ்சதைத் தெரிஞ்ச மாதிரியே எழுதறேன். போதுமா?"

*

தேர்வன்று மழை கொட்டியது. ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். வாசலிலிருந்து தெருமுனை வரை குடைகள். அத்தனையும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். ஒரு பெண் அம்மாவிடம், "ஆன்ட்டி, பெற்றோர் எல்லாம் அந்தப் பக்கம் நிக்கணுமாம்" என்று அக்கறையாகச் சொன்னாள். அம்மா நுழைவுச்சீட்டைக் காட்டியதும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

அம்மாவும் பெண்ணும் வேறு வேறு அறை. சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து அம்மா எழுதினாள். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது இன்னும் கால்மணி நேரம் மிச்சமிருந்தது. இருபது கேள்வி. இருபதும் தெரிந்தது. பென்சில் ஒரு நிமிஷம் தாளுக்கு மேலேயே நின்றது. சொல்லிக் கொடுத்தவள் பக்கத்து அறையில் இருக்கிறாள். சொன்ன வார்த்தை இருக்கிறது. அது மட்டும்தான் காரணம் என்று அப்போது தன்னிடமே சொல்லிக்கொண்டு, இருபதையும் எழுதினாள்.

பாப்பா வெளியே வந்தபோது உதடு வெளுத்திருந்தது. "நடுவுல ஒரு கணக்கும்மா. விடை வந்தே தீரும்னு பதினஞ்சு நிமிஷம் அதுலயே உட்கார்ந்துட்டேன். கடைசிப் பக்கம் பாதி விட்டுப்போச்சு."

குடை ஒன்றுதான் இருந்தது. பஸ் நிறுத்தம் வரை அம்மா அதைப் பெண் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

*

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. நெட்டைதான் ஓடிவந்து சொன்னாள். அம்மா முழங்கை வரை சோப்பு நுரையோடு பலகைக்கு முன்னால் போய் நின்றாள். நாலு பெயரில் மூன்றாவது அவள் பெயர்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். காலிலிருந்து மேலே ஏறிக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பெயரைத் தொட்டுப் பார்த்தாள். பலகைக் கண்ணாடியில் நுரை ஒட்டியது. அந்த ஒரு நிமிஷத்தில் பாப்பாவின் ஞாபகமே அவளுக்கு வரவில்லை. பின்னால் எத்தனையோ தடவை அந்த நிமிஷத்தை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறாள்.

அதற்கப்புறம்தான் கீழே பார்த்தாள். காத்திருப்புப் பட்டியல் என்று தனியாகப் போட்டிருந்தது. அதில் முதல் பெயர் பாப்பாவுடையது. தேறியவர்களில் யாராவது பதினைந்து நாளுக்குள் வந்து சேராவிட்டால், அல்லது வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால், அந்த இடம் காத்திருப்பவர்களுக்கு வரிசைப்படி போகும் என்று அடியில் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது பாப்பா போனில் பார்த்து முடித்திருந்தாள். எழுந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "சொல்லிக் குடுத்தது யாரு?" என்றாள். குரல் சிரித்தது. முகம் அம்மாவின் தோளில் இருந்ததால் தெரியவில்லை.

"நாலாவது ஆளுக்கும் எனக்கும் அரை மார்க்குதாம்மா" என்று கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்.

அன்றைக்கே அம்மா கேட்டுவிட்டாள். "நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன். உனக்கு வந்துரும்."

"பேசாத. எனக்கு வேண்டாம்."

நாலு நாள் கழித்து மறுபடி கேட்டாள். அப்போது பாப்பாவுக்குக் கோபம் வந்தது. "நான் ஜெயிக்காததை உன்கிட்ட பிச்சை வாங்கிப் போடணுமா?" என்று கத்திவிட்டு, உடனே அம்மாவின் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்கோ. நீ படிச்சே, உனக்குக் கிடைச்சுது. போய்ச் சேரு" என்றாள். பன்னிரண்டாவது நாள் அம்மா மூன்றாவது தடவை கேட்டாள். பாப்பா துணி மடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "எத்தனை தடவைம்மா கேப்பே? வேண்டாம். மனசாரத்தான் சொல்றேன்."

ஆஸ்பத்திரியில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். குளியலறை வாசலில் இரண்டு ஆயாக்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. பெத்த பொண்ணு வாசல்ல நிக்கும்போது தான் போய் நாற்காலியில உட்காருவாளா ஒருத்தி? நெட்டைகூட விரிப்பை மடிக்கும்போது கண்ணைப் பார்க்காமல், "சின்னப் பொண்ணு யக்கா. அதுக்கு இன்னும் எவ்வளவு வயசு கிடக்கு" என்றாள். விட்டுக்கொடு என்கிறாளா, பாப்பாவுக்கு வேறு வாய்ப்பு வரும் என்கிறாளா, தெரியவில்லை.

பெயிண்டர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். மழை விட்டு வேலை தொடங்கியிருந்தது. சாயங்காலம் வந்து, மண்ணெண்ணெய் தொட்டு முழங்கையிலிருந்த பெயிண்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "சரி, அவ வேண்டாங்கறா. ஊரு என்னென்னவோ சொல்லுது. உனக்கு என்ன வேணும்?"

"எனக்கா?"

"உனக்குத்தான்."

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

"சோறு ஆறிடும். கையைக் கழுவிட்டு வாங்க" என்று எழுந்துவிட்டாள்.

*

பதினைந்தாவது நாள். பையில் இரண்டு உறை வைத்துக்கொண்டு போனாள். ஒன்றில் அவளுடைய சான்றிதழ்கள். இன்னொன்றில், குடும்பச் சூழ்நிலை காரணமாக இந்த வேலையை ஏற்க இயலவில்லை என்று ஒரு வரிக் கடிதம். அந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கப் போகிறோம் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

ஆபீஸில் எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "சேரவா? விலகவா?" என்று கேட்டார். அவருக்குத் தினமும் கேட்கிற கேள்வி.

அவருக்குப் பின்னாலிருந்த ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்து ஆய்வுக்கூடம் தெரிந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தி ஒரு டியூபை வெளிச்சத்தில் பிடித்து, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள். குலுக்கவில்லை. ஏன் குலுக்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும்.

"சேரத்தான்" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கையெழுத்துப் போட்டுவிட்டு, நடைபாதைக் குப்பைத் தொட்டியில் மற்ற உறையை நாலாகக் கிழித்துப் போட்டாள். மதியத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளையிலிருந்து வந்தால் போதும்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பாப்பா தலைக்குக் குளித்து, ஈரம் ஆறப் பின்னாமல் விட்டிருந்தாள். நல்ல உடுப்பு ஒன்று இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கியது. மேஜை மேல் அவளுடைய கோப்பு திறந்திருந்தது. மதிப்பெண் பட்டியல், படிப்புச் சான்றிதழ், இரண்டு போட்டோ எல்லாம் வரிசையாக எடுத்து வைத்திருந்தது. பக்கத்தில் போன், கூப்பிட்டால் உடனே எடுக்கிற மாதிரி.

அம்மா வாசலிலேயே நின்றாள்.

"சேந்துட்டியா?" என்றாள் பாப்பா.

"ம்."

"நல்லது." பாப்பா கோப்பை மூடினாள். "சும்மா, தூசி தட்டலாம்னு எடுத்தேன்." நாற்காலியிலிருந்த உடுப்பை எடுத்து, இஸ்திரி கலையாமல் அலமாரியில் மாட்டினாள். பிறகு அடுப்படிக்குப் போய் அம்மாவுக்கு டீ போட்டாள். சர்க்கரை சரியாக இருந்தது. அம்மாவால் ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை.

பாப்பா பழையபடி சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. சமைத்தாள், அப்பாவின் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தாள். அம்மா வேலை விட்டு வந்து வெள்ளைக் கோட்டைக் கழற்றும்போது மட்டும், ஏதோ வேலை இருப்பதுபோல அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆய்வுக்கூடத்தில் புரியாதது எத்தனையோ இருந்தது. கேட்டால் பாப்பா ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். அம்மா கேட்கவில்லை.

ஆறாவது வாரம், தூரத்து ஊர் ஒன்றில் பெரிய மருந்துக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது, தங்க விடுதியும் தருகிறார்கள், போகிறேன் என்று பாப்பா சொன்னாள். யாரும் தடுக்கவில்லை.

பஸ் காலை ஆறேகாலுக்கு. அப்பா பெட்டியை மேலே ஏற்றக் கண்டக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். தாயும் மகளும் பஸ்ஸின் பக்கவாட்டில், எஞ்சின் சூடு காலில் படுகிற இடத்தில் நின்றார்கள்.

"நான்தாம்மா வேண்டாம்னு சொன்னேன்" என்றாள் பாப்பா திடீரென்று. "மூணு தடவையும் நான்தான் சொன்னேன். மறுக்கல. ஆனா நீ அதைக் கேட்டுடுவேன்னு நினைக்கல."

அம்மாவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. மனசாரச் சொல்கிறேன் என்றாயே. கடிதம் எழுதிக் கொண்டுபோனேனே. எல்லாம் உண்மைதான். எதைச் சொன்னாலும் அது பழியைத் தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும்.

"எனக்கும் வேணும்னு இருந்துச்சு பாப்பா" என்றாள்.

பாப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தில் அதற்கு முன் பார்த்திராத யாரையோ பார்க்கிற மாதிரி. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம்தான் இடம். கை ஆட்டவில்லை. பஸ் திரும்பும்வரை கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

*

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் பாப்பா அப்பாவுக்குப் போன் செய்வாள். சாப்பாடு பரவாயில்லை, விடுதியில் தண்ணீர்தான் பிரச்சினை என்று பேசுவாள். அம்மாவைக் கேட்பாள். "அம்மா நல்லாயிருக்காளா?" என்பாள். அவர் "இரு, தரேன்" என்பதற்குள் கடையில் ஆள் வந்துவிடும்.

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிறு, பெயிண்டர் பேசி முடித்துப் போனைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "பரீட்சை எதுவும் இனிமே எழுதலையாம். விட்டுட்டேன்ப்பா, நிம்மதியா இருக்குங்கறா. இன்னும் லைன்லதான் இருக்கா. உன்னைக் கேக்கறா."

அம்மா கை ஈரத்தைப் புடவையில் துடைத்து வாங்கிக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் பாப்பா.

"ஆச்சு. நீ?"

"ம்."

அந்தப் பக்கம் யாரோ மாத்திரைப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாப்பா அவர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். போனை வைத்துவிடுவாள் என்று அம்மா நினைத்தாள்.

"வேலை பிடிச்சிருக்காம்மா?"

ஏதோ போகிறது என்று சொல்லிவிடலாம். காலெல்லாம் வலிக்கிறது, இந்த வயதில் எனக்கெதற்கு இதெல்லாம் என்றுகூடச் சொல்லலாம். சொன்னால் அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். சொல்ல வாயெடுத்தாள்.

"பிடிச்சிருக்கு பாப்பா" என்றாள். "ரொம்பப் பிடிச்சிருக்கு."

அந்தப் பக்கம் டிராயர் ஒன்றை மூடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப சரி" என்றாள் பாப்பா. போன் நின்றது.

அம்மா அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பெயிண்டர் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"என்ன சொன்னா?"

"அப்ப சரின்னா."

"எந்தச் சரி?"

அம்மா போனை அவர் கையில் கொடுத்தாள். "தெரியலங்க" என்றாள். "முகத்தைப் பார்த்தாத்தான் தெரியும்."